மனமடிந்தவருக்கு வசனம் ஏன் கேட்பதில்லை?

கேள்வி: மட்டக்களப்பில் ஒரு நுண்கடன் நிறுவனத்தில் ஐந்து வருடமாகக் கள உத்தியோகத்தராக இருக்கிறேன். வயது 31. விடிய ஆறரைக்கு ஸ்கூட்டியில் வெளிக்கிட்டால் வீடு சேர இரவு எட்டு மணி. கிரான், வாழைச்சேனை, வவுணதீவுப் பக்கம் குழுக்கள். மத்தியானச் சாப்பாடு பெரும்பாலும் பனிசும் தேத்தண்ணியும்தான். இரவு பத்து மணிக்கும் முகாமையாளர் வட்ஸ்அப் குழுவில் நிலுவைப் பட்டியலைப் போட்டு, எல்லோருக்கும் முன்னால் பெயர் சொல்லி ஏசுகிறார். கட்ட வழியில்லாத இரண்டு பேரின் தவணையை என் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினேன், வீட்டுக்குத் தெரியாது. ஞாயிறும் அறவீட்டுக்குப் போவதால் ஆராதனையும் ஒழுங்காக இல்லை. சங்கீதம் 23, பிலிப்பியர் 4:13, எரேமியா 29:11 எல்லாம் போனில் வைத்திருக்கிறேன். வாசித்தால் எழுத்து தெரிகிறது, ஒன்றும் உள்ளே இறங்குவதில்லை. விசுவாசக் குறைவுதான் காரணம், உபவாசம் எடு என்று சபையில் ஒரு அக்கா சொன்னார். சில நாள் விடிய கண் விழிக்காமலே போனால் நல்லது என்று இருக்கிறது. நம்பிக்கை தரும் வசனம் எது என்று சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

வசனத்தைப் பிறகு பார்ப்போம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரிதான் எனக்கு முதலில் முக்கியம். கண் விழிக்காமல் போனால் நல்லது என்பது களைப்பில் வரும் ஏக்கமாகவும் இருக்கலாம். அதைத் தாண்டியும் போயிருக்கலாம். உங்களை நீங்களே ஒன்று கேட்டுப் பாருங்கள்: என் உயிரை நானே முடித்துக்கொள்வது பற்றி, எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறேனா? ஒரு தடவையாவது அப்படி யோசித்திருந்தால் இந்தப் பதிலின் மீதியை விட்டுவிட்டு இப்போதே 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி எண். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் கதைக்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. யோசனை அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், நித்திரை குழம்பி, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு கிழமைக்கு மேல் இருந்தால் அங்கே ஒரு முறை காட்டத்தான் வேண்டும். மருந்து தந்தால் எடுங்கள். காய்ச்சலுக்கு மருந்து எடுப்பதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்வதில்லை, இதுவும் அப்படித்தான்.

அதே வரியை வேதத்தில் ஒரு தீர்க்கதரிசி சொல்லியிருக்கிறார். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். அடுத்து நடப்பதைக் கவனமாக வாசியுங்கள். தூதன் வந்து வசனம் சொல்லவில்லை, கண்டிக்கவும் இல்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுக்கிறார். தூதன் இரண்டாம் முறையும் தட்டி எழுப்பி, பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்று சொல்லி இன்னொரு தடவை சாப்பிட வைக்கிறான். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்று கர்த்தர் கேட்பது நாற்பது நாள் கழித்து ஓரேப் மலையில்தான். அமர்ந்த மெல்லிய சத்தம் அதற்கும் பிறகு. சாப்பாடு, நித்திரை, மறுபடி சாப்பாடு, நடை, அதன் பிறகு பேச்சு என்பதுதான் அங்கே உள்ள ஒழுங்கு. பனிசும் தேத்தண்ணியுமாக நாளை ஓட்டிவிட்டு, பத்து மணிக்கு ஏச்சு வாங்கிய தலையோடு வேதத்தைத் திறந்து, மெல்லிய சத்தம் கேட்கவில்லையே என்று நீங்கள் உங்களை நொந்துகொள்கிறீர்கள்.

இனி அந்த அக்கா சொன்னது. அவர் அன்பினால்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது பிழை. பிழை என்று வேதமே ஒரு வசனத்தில் எழுதி வைத்திருக்கிறது. யாத்திராகமம் 6ஆம் அதிகாரம், 6 முதல் 8 வரையான வசனங்களில் கர்த்தர் ஏழு வாக்குகள் கொடுக்கிறார்: சுமையிலிருந்து வெளியே கொண்டுவருவேன், அடிமைத்தனத்திலிருந்து விடுவிப்பேன், மீட்பேன் என்று வரிசையாக. அதைவிட நம்பிக்கையான பேச்சு பழைய ஏற்பாட்டில் அதிகம் இல்லை. மோசே அதை அப்படியே ஜனங்களிடம் போய்ச் சொல்கிறார். 9ஆம் வசனம்: "அவர்களோ மனமடிவினாலும் கொடுமையான வேலையினாலும் மோசேக்குச் செவிகொடாமற்போனார்கள்."

காரணம் இரண்டுமே அங்கே இருக்கின்றன: மனமடிவு, கொடுமையான வேலை. அவிசுவாசம் என்ற சொல் அந்த வசனத்தில் இல்லை. கேட்காமல் போனதற்காகக் கர்த்தர் அவர்களைக் கடிந்துகொள்ளவும் இல்லை. அடுத்த வசனங்களில் அவர் மோசேயைத் திரும்ப அனுப்புவது பார்வோனிடம். களைத்துப்போன ஜனங்களிடம் இன்னும் சத்தமாகப் பிரசங்கி என்று சொல்லாமல், வேலையைச் சுமத்தியவனிடம் போய்ப் பேசு என்கிறார். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கடிதத்தின் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும். வசனம் உள்ளே இறங்க வேண்டுமானால் வாசிக்கும் விதமும் மாற வேண்டும், வேலைச் சுமையும் ஓரளவாவது குறைய வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் போதாது.

5ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள், அதில் உங்கள் வேலையே இருக்கிறது. வைக்கோல் கொடுக்காமல் அதே எண்ணிக்கை செங்கல் வேண்டும் என்று பார்வோன் கட்டளையிடுகிறான். கணக்குக் குறைந்தபோது அடி வாங்கியது யார் என்று பாருங்கள். பார்வோனின் ஆளோட்டிகளுக்கும் செங்கல் அறுத்த ஜனங்களுக்கும் நடுவில், தங்கள் சொந்த ஜனங்கள் மேல் வைக்கப்பட்டிருந்த தலைவர்கள்தான் அடி வாங்கினார்கள். மேலிருந்து இலக்கு வருகிறது. கீழே வைக்கோல் இல்லை. அடி நடுவில் நிற்பவருக்கு. முறையிடப் போனவர்களுக்குக் கிடைத்த பதில், "நீங்கள் சோம்பலாயிருக்கிறீர்கள்." இரவு பத்து மணிக்கு உங்கள் குழுவில் வருவதும் இதுதானே.

சரி, எப்படி வாசிப்பது? போனில் வைத்திருக்கும் வசனங்களை ஒரு மாதத்துக்கு ஓரமாக வையுங்கள். சங்கீதம் 13ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். மெதுவாகச் சத்தமாக வாசித்தால் ஒன்றரை நிமிடம். ஏழு நாளும் அது ஒன்றுதான். வேறு அதிகாரம் சேர்க்க வேண்டாம். விடிய வெளிக்கிட முன் பத்து நிமிடம், கட்டிலில் அல்லாமல் கதிரையில். அச்சிட்ட வேதாகமமும் ஒரு கொப்பியும் பேனையும் போதும். போன் வேறு அறையில் இருக்கட்டும். போனில் வேதத்தைத் திறந்தால் அதே திரையில் நிலுவைப் பட்டியலும் வந்து நிற்கும். ஏச்சு வந்த திரையைக் கண்டதுமே உடம்பு அடுத்த ஏச்சுக்குத் தயாராகிவிடுகிறது. பழைய மொழிபெயர்ப்பின் சொல் விளங்காத இடத்தில், கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் அதே சங்கீதத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதல் இரண்டு நாளும் முதல் இரண்டு வசனம் மட்டும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி, அந்த இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது. நான்கும் ஒன்றல்ல. முதல் இரண்டு கர்த்தரைப் பற்றிய முறைப்பாடு, மூன்றாவது தன் மனதுக்குள் ஓயாமல் சுற்றும் யோசனையைப் பற்றியது, நான்காவது தன்னை அமுக்குகிற ஆளைப் பற்றியது. கொப்பியில் நீங்களும் நான்கு வரி எழுதுங்கள், ஒவ்வொன்றும் "எதுவரைக்கும்" என்று தொடங்கட்டும். எதுவரைக்கும் இரவு பத்து மணிக்கு என் பெயர் குழுவில் வரும்? எதுவரைக்கும் புருஷன் இல்லாத அந்தப் பிள்ளையின் வாசலில் நான் போய் நிற்பேன்? எதுவரைக்கும் நித்திரையிலும் கணக்குக் கூட்டுவேன்? உங்கள் ஊர், உங்கள் ஆட்கள், உங்கள் தொகை அப்படியே வரட்டும்.

மூன்றாம், நான்காம் நாள் 3ஆம் 4ஆம் வசனங்கள். அங்கே முறைப்பாடு விண்ணப்பமாக மாறுகிறது: நோக்கிப் பாரும், செவிகொடும், கண்களைத் தெளிவாக்கும். நீங்களும் ஒரே ஒரு விண்ணப்பம் எழுதுங்கள், அந்த நாளுக்கு உரியதாக. "எல்லாம் சரியாக வேண்டும்" என்பது விண்ணப்பம் ஆகாது. "இன்று மத்தியானம் சோறு சாப்பிட அரை மணித்தியாலம் வேண்டும்" என்பது விண்ணப்பம்.

ஐந்தாம் நாளிலிருந்து முழுச் சங்கீதம். "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்ற 5ஆம் வசனம் எபிரேய மூலத்தில் "நானோ" என்று எதிர்த்துச் சொல்வதுபோல் தொடங்குகிறது. 4ஆம் வசனத்துக்கும் 5ஆம் வசனத்துக்கும் நடுவில் வெளியே எதுவும் மாறியதாகச் செய்தி இல்லை. சத்துரு விழவில்லை, கடன் தீரவில்லை. சொல்ல வேண்டியதை முழுக்கச் சொல்லி முடித்த வாய்க்கு அந்த "நானோ" வருகிறது. உங்களுக்கு ஐந்தாம் நாளில் அது வராவிட்டால் பொய்யாக எழுத வேண்டாம். அந்த வரியைச் சங்கீதக்காரனின் வரியாகவே வாசித்துவிட்டு எழும்புங்கள். இன்னும் ஒரு கிழமை இதே சங்கீதத்தில் இருக்கலாம்.

இந்த முறை எங்கே கெட்டுப்போகும் என்றும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, பலரும் நேரே 5ஆம் வசனத்துக்குத் தாவிவிடுவார்கள், முறையிடுவது பாவம் என்று நினைத்து. நூற்றைம்பது சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறைப்பாடும் புலம்பலும்தான். ஒப்பாரியில் செத்தவரிடமே நியாயம் கேட்கிற ஊர் நம்முடையது. 2004 டிசம்பர் 26உம் 2019 உயிர்த்த ஞாயிறும் கடந்த கரை. தேவனிடம் "ஏன்" என்று கேட்க மட்டக்களப்பில் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது, ஜெபக்கூட்டத்தில் பேசுகிற பாஷையில் எழுதிவிடுவது. "சர்வ வல்லமையுள்ள பிதாவே" என்று தொடங்கினால் முகாமையாளரின் பெயர் அந்த வாக்கியத்துக்குள் வராது. மூன்றாவதுதான் அதிகம் கெடுக்கிறது: வாசித்து முடித்ததும் "ஆறுதல் வந்ததா?" என்று மனதைத் தொட்டுப் பார்ப்பது. முளைத்ததா என்று விதையை நாளும் கிளறுகிற மாதிரி அது. வந்ததா இல்லையா என்று பார்க்காதீர்கள். உள்ளதைச் சொன்னேனா, சாப்பிட்டேனா, எத்தனை மணிக்குப் படுத்தேன் என்று மட்டும் கொப்பியின் ஓரத்தில் குறியுங்கள். ஒரு நாள் தவறினால் தவறியதுதான். மறுநாள் இரண்டு நாளுக்குச் சேர்த்து வாசித்தால் அதுவும் ஒரு நிலுவைக் கணக்காகிவிடும்.

பகலில் வீதியில் நிற்கும்போது கொப்பி திறக்க முடியாது. ஒரு வாசலுக்குப் போக முன் ஸ்கூட்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள், ஐந்து முறை. விடும் மூச்சு நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தணியும். அந்த மூச்சோடு சங்கீதம் 42:5இன் முதல் வரியைச் சொல்லிக்கொள்ளுங்கள்: "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" அது கண்டிப்பல்ல, உண்மையான கேள்வி. பதிலும் சொல்லுங்கள்: இந்த வீட்டில் காசு இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால் கலங்குகிறேன்.

போனில் வைத்திருக்கும் வசனங்களை ஓரமாக வைக்கச் சொன்னேன். அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை, சுற்றியுள்ள வசனங்களை வெட்டிவிட்டு அவற்றை மட்டும் வைத்திருப்பதுதான் பிரச்சினை. எரேமியா 29 பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். 11ஆம் வசனத்துக்கு ஒரு வசனம் முன்னால், எழுபது வருடம் ஆகும் என்று இருக்கிறது. அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்பவன் இரண்டு வருடத்தில் எல்லாம் சரியாகும் என்கிறான். கேட்க இனிமையான அந்தப் பேச்சைக் கர்த்தர் பொய் என்றார். எழுபது வருடக்காரர்களுக்கு எரேமியா சொன்னது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதின் கனியைச் சாப்பிடுங்கள். பிலிப்பியர் 4:13உம் அப்படித்தான். இலக்கை எட்டுவதற்கான பெலன் அல்ல அது. கட்டுகளில் இருந்த பவுல், பசியோடும் இருக்கத் தெரியும், திருப்தியோடும் இருக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டு எழுதியது. அடுத்த வசனத்திலேயே என் உபத்திரவத்தில் நீங்கள் பங்கெடுத்தது நல்லது என்கிறார். எப்பாப்பிரோதீத்து என்ற ஆள் கையில் பிலிப்பியர் அனுப்பியதைப் பெற்றுக்கொண்டேன் என்று 18ஆம் வசனத்தில் ரசீது மாதிரியே எழுதுகிறார். "எல்லாவற்றையுஞ்செய்ய" பெலன் உண்டு என்றவருக்கும் ஒரு ஆள் சாமான் கொண்டுவர வேண்டியிருந்தது.

உங்கள் மனச்சாட்சியில் இன்னொன்றும் கிடக்கிறது, நீங்கள் அதை நேராகக் கேட்கவில்லை. கட்ட வழியில்லாதவர்களிடம் காசு கேட்கும் இந்த வேலையே பாவமா? வரி வசூலித்த ஆயக்காரர் யோவான் ஸ்நானனிடம் வந்து "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்கிறார்கள் (லூக்கா 3:12-13). வேலையை விடு என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதே என்று எல்லை போட்டார். உபாகமம் 24இல் அந்த எல்லை இன்னும் நுணுக்கமாக இருக்கிறது. கடன் கொடுத்தவன் அடகு வாங்க வீட்டுக்குள் போகக்கூடாது, வெளியே நிற்க வேண்டும், கடன்பட்டவனே கொண்டுவந்து கொடுக்கட்டும் (10, 11). திரிகைக் கல்லை அடகாக வாங்கக்கூடாது, அது ஜீவனையே அடகு வாங்குவது (6). இன்றைக்கு இதை எப்படிச் செய்வது? வாசலில் நில்லுங்கள், உள்ளே போய் உட்கார்ந்து இருட்டும் வரை எழும்பாமல் இருக்காதீர்கள். பக்கத்து வீட்டார் கேட்கத் தொகையைச் சொல்லாதீர்கள். தையல் மெஷினையோ மீன் வலையையோ விற்றுக் கட்டச் சொல்லாதீர்கள், அதுதான் இந்தக் காலத்துத் திரிகை. இந்த எல்லைக்குள் நின்று கேட்டால் உங்கள் கை சுத்தம். இருட்டிய பிறகும் வீட்டுக்குள் போய் இருந்து வாங்கி வா என்று மேலிடம் கட்டாயப்படுத்தினால், வேறு வேலை தேடத் தொடங்குங்கள்; ஆனால் நித்திரையில்லாத இந்தக் கிழமையில் இராஜினாமா எழுத வேண்டாம்.

சங்கிலி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இனி ஒரு ரூபாயும் சொந்தக் காசிலிருந்து கட்டாதீர்கள். இரக்கத்தில் செய்தீர்கள், ஆனால் விளைவு வேறு. புத்தகத்தில் அந்தப் பெண்கள் ஒழுங்காகக் கட்டுபவர்களாகப் பதிவாகிவிட்டார்கள். அதனால் அடுத்த முறை இன்னும் பெரிய கடன் அவர்களுக்கு நீட்டப்படும். பிறகு அவர்கள் உங்களுக்குத் திருப்பித் தரும் காசு ரசீது இல்லாத காசு. கணக்காய்வு வந்தால் நீங்கள் கையாடியதாகத் தெரியும். நீதிமொழிகள் 6ஆம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்கள் பிறருக்காகப் பிணைப்பட்டவருக்கு எழுதியவை: வேடன் கையிலிருந்து வெளிமான் தப்புவதுபோல் தப்பு என்கிறது, நாளைக்கு என்று தள்ளாதே என்கிறது. ஆகவே இந்தக் கிழமைக்குள் வீட்டில் சொல்லுங்கள். அடகுத் துண்டில் தவணை முடியும் திகதியைப் பாருங்கள்; மீட்க முடியாவிட்டால் அந்தத் திகதிக்கு முன் வட்டியைக் கட்டிப் புதுப்பியுங்கள். யாருக்காக, எந்தத் திகதியில், எவ்வளவு என்று எழுதி வையுங்கள். முகாமையாளரிடம் ஒரே வரி: கட்டாத தவணையை இனிக் கட்டாததாகவே பதிவேன்.

வேலை நேரத்துக்கு வருவோம். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. சாப்பாட்டு இடைவேளை அதில் சேராது. மேலதிக நேரம் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, அதற்கு ஒன்றரை மடங்கு சம்பளம். கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை. நீங்கள் எழுதியபடி பார்த்தால் வீட்டைவிட்டு இருப்பது நாளுக்குப் பதின்மூன்றரை மணித்தியாலம். ஆனால் வாயால் சொன்னால் நிற்காது. இரண்டு கிழமைக்கு எழுதுங்கள்: கிளையில் அல்லது முதல் குழுவில் வேலை தொடங்கிய நேரம், கடைசிக் குழு முடிந்த நேரம், சாப்பிட்ட நேரம், இரவு வந்த கடைசிச் செய்தியின் நேரம். வீட்டிலிருந்து போய்வரும் நேரத்தை வேறு நிரலில் போடுங்கள், இல்லாவிட்டால் அதைக் காட்டியே முழுக் கணக்கையும் தள்ளிவிடுவார்கள். ஏச்சுச் செய்திகளை அழிக்காமல் படம் எடுத்து வையுங்கள்.

பிறகு முகாமையாளரிடம் தனியாகக் கதைக்க நேரம் கேளுங்கள். வட்ஸ்அப் குழுவில் பதில் போடாதீர்கள், கோபத்தில் குரல்பதிவு அனுப்பவே வேண்டாம். அது உங்களுக்கு எதிராக நிற்கும். கேட்பது இரண்டே விஷயமாக இருக்கட்டும்: ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, இரவு எட்டு மணிக்குப் பின் பெயர் போட்டுச் செய்தி வேண்டாம். பத்து விஷயம் கேட்டால் இலேசான ஒன்றைத் தந்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். கதைத்ததை அன்றே மின்னஞ்சலில் ஐந்து வரியாக எழுதி அனுப்புங்கள். ஒரு மாதத்தில் மாற்றமில்லை என்றால் தலைமை அலுவலகத்தின் மனிதவளப் பிரிவு, அதற்கும் பிறகு மட்டக்களப்பில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகம். இதையெல்லாம் செய்வது ஆவிக்குரியதல்ல என்று தோன்றினால் மோசேயின் மாமன் சொன்னதை யாத்திராகமம் 18இல் பாருங்கள். காலை முதல் மாலை வரை தனியாக உட்கார்ந்து வழக்குக் கேட்ட மருமகனிடம் "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று சொல்லி, வேலையைப் பிரித்துக் கொடுக்க வைத்தார். எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று செய்யுங்கள் என்ற கொலோசெயர் 3:23ஐ வேலைக்காரருக்கு மட்டும் வாசித்துக் காட்டுகிறவர்கள் உண்டு; மூன்று வசனம் தள்ளி 4:1இல் எஜமான்களுக்கு எழுதியிருக்கிறது, நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்று.

ஞாயிறு கிடைத்தால் அதை இன்னொரு வேலை நாளாக்கிவிடாதீர்கள். உபாகமம் 5:14-15 ஓய்வுநாளுக்குச் சொல்லும் காரணம், நீ எகிப்திலே அடிமையாயிருந்தாய் என்பது. ஆராதனைக்குப் போய் வந்து, சோறு சாப்பிட்டு, படுங்கள். ஞாயிறுப் பாடசாலை, பாடகர் குழு, ஊழியக் கூட்டம் எதற்கும் இந்த மூன்று மாதம் பெயர் கொடுக்க வேண்டாம். உபவாசமும் இப்போது வேண்டாம். மத்தியானம் நல்ல சாப்பாடு இல்லாத உடம்புக்கு அது ஜெபமாகாது, பட்டினியாகத்தான் இருக்கும். ஏசாயா 58:6இல் கர்த்தர் தமக்குப் பிரியமான உபவாசம் எது என்று தாமே சொல்கிறார், அங்கே பேச்சு நுகத்தடியை நெகிழ்ப்பது பற்றியது. சபையில் எல்லோரிடமும் சொல்லவும் தேவையில்லை. வாய் அடக்கமான ஒரு அக்காவைத் தெரிந்துகொண்டு, கிழமைக்கு இருபது நிமிடம் கேளுங்கள்: நான் எழுதியதை வாசிப்பேன், நீங்கள் புத்தி சொல்லாமல் கேட்க வேண்டும். யாத்திராகமம் 17:12இல் மோசேயின் கை தளர்ந்தபோது ஆரோனும் ஊர் என்பவரும் முதலில் ஒரு கல்லைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள், பிறகுதான் கையைத் தாங்கினார்கள். உபவாசம் சொன்ன அக்காவுக்கும் அந்த வசனத்தைக் காட்டலாம், மனம் நோகாமல்.

சங்கீதம் 13 முடிந்தால் 42உம் 43உம். "ஏன் கலங்குகிறாய்" என்ற அதே வரி மூன்று முறை வருவதால் இரண்டையும் ஒரே பாட்டாக வாசியுங்கள். அதன் பிறகு புலம்பல் 3. "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்பதை எல்லோரும் அட்டையில் அச்சிடுகிறார்கள். அது 23ஆம் வசனம். 18ஆம் வசனத்தில் அதே ஆள் என் நம்பிக்கை அழிந்துபோயிற்று என்று சொல்லியிருக்கிறார். அந்த அதிகாரத்தை ஒரு கிழமை முழுக்க முதல் 20 வசனத்தோடே நிறுத்தி வாசியுங்கள், 21ஐ அடுத்த கிழமைக்கு வையுங்கள். சங்கீதம் 88ஐ இப்போது தனியாக வாசிக்க வேண்டாம். அது கடைசி வரை இருட்டிலேயே முடிகிற பாட்டு, நீங்கள் எழுதியதைக் கேட்கிற அக்கா பக்கத்தில் இருக்கும் நாளுக்கு ஆகட்டும்.

இரவுக்கு ஒரு ஒழுங்கு. எட்டரைக்குள் நாளைய குழுக்களையும் தொகையையும் ஒரு துண்டில் எழுதி ஸ்கூட்டிச் சாவியோடு வைத்துவிடுங்கள். எழுதி வைத்ததை மனம் நித்திரையில் திரும்பத் திரும்பக் கூட்டாது. குழுவின் சத்தத்தை நிறுத்தி, போனைக் கட்டிலுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அலாரத்துக்கு ஒரு சின்ன மணிக்கூடு வாங்குங்கள். படுக்க முன் சங்கீதம் 127:2, அதில் அதிகாலையில் எழுந்து வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவது விருதா என்று எழுதிவிட்டு "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்று முடிகிறது. ஒரு தரம் போதும்.

நாளை விடிய சங்கீதம் 13இன் முதல் இரண்டு வசனத்தோடு தொடங்குங்கள். அதற்கு முன் இன்று இரவு, சோறு சாப்பிட்டுவிட்டு, கண் விழிக்காமல் போனால் நல்லது என்று எனக்கு எழுதிய அந்த வரியை வீட்டில் ஒருவரிடம் வாயால் சொல்லுங்கள். இரண்டு கிழமை கழித்து நேரக் குறிப்பைக் கூட்டிப் பார்த்து, அந்தத் தொகையோடு எனக்குத் திரும்ப எழுதுங்கள்.